சோறிட்டுக் கையைக் கட்டுவதா?

2025-ஆம் ஆண்டு மேத் திங்களில் புது தில்லி உச்ச முறைமன்றத்தின் முன் ஈழத்தமிழர் ஒருவரின் வழக்கு வந்தது. ஒறுப்புக் காலத்தைக் கழித்து முடித்தவர் அவர். தாயகம் திரும்பின் தம் உயிருக்கு ஊறு நேரும் என்றும், மனைவி மக்கள் இங்கேயே உள்ளனர் என்றும், ஆகலின் தம்மை நாடு கடத்தலாகாது என்றும் வேண்டினார். உலகின் பல மூலைகளிலிருந்தும் வருவோரையெல்லாம் வைத்துக் காக்க இந்நாடு என்ன சத்திரமா, 140 கோடிப் பேரை வைத்துக்கொண்டு நாமே இடர்ப்படுகின்றோமே என்னும் கருத்துப்பட நடுவர் வாய்மொழியாகச் சொல்லி, அவ்வேண்டுகோளைத் தள்ளினார். மறுநாள் செய்தித்தாள்கள் அச்சொல்லைக் கொட்டை எழுத்தில் போட்டன. தமிழ்நாட்டிலும் அதைப் படித்துத் தலையாட்டியவர்கள் உண்டு.

அவ்வழக்கின் முறையும் பிழையும் ஈண்டு நம் ஆய்வன்று. அந்தச் 'சத்திரம்' என்னும் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். சத்திரம் என்பது யாது? வழிப்போக்கன் வருவான், படுக்க ஓரிடம் காட்டுவார்கள், வேளைக்குச் சோறிடுவார்கள். அவன் அங்குத் தொழில் தொடங்க முடியாது. கூரையில் ஓர் ஓலையை மாற்றவும் அவனுக்கு உரிமை இல்லை. போ என்றால் போக வேண்டும். இவ்விலக்கணம் முழுவதும் எதற்குப் பொருந்துகின்றது? 1983 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் ஈழத்தமிழர் முகாம்களுக்கன்றோ அச்சொட்டாகப் பொருந்துகின்றது! நாற்பதாண்டுக்கு மேலாகச் சத்திரம் நடத்துகின்றவர்களே இது சத்திரமன்று என்று சினக்கின்றார்கள். ஈழத்தமிழன் சத்திரத்துச் சோறு கேட்டானா? உழைத்துண்ண வழி கேட்டான். சோற்றை இட்டுக் கையைக் கட்டியவர்கள் ஆள்வோரே.

இங்கே ஒரு சொல்லாய்வு செய்துவிட்டு மேலே செல்வேன். தமிழாசிரியனுக்கு அவ்வுரிமையை அன்பர்கள் தருவார்கள். 'அகதி' என்னும் வடசொல்லுக்குக் கதியற்றவன் என்பது பொருள். அதனை விலக்கி 'ஏதிலி' என்கின்றோம். 'ஏதிலார்' என்பது பழந்தமிழில் அயலாரைக் குறித்தது. இன்று 'ஏதும் இல்லாதவர்' என்ற கருத்திலும் அச்சொல்லை ஆள்கின்றோம். சொல் தமிழாயிற்று, பொருள் முறையாயிற்றா? மன்னார்க் கடலில் வலை வீசியவன், யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் விளைத்தவன், பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன், தறி நெய்தவன், கொத்தன், தச்சன் ஆகியோர் படகிலிருந்து இறங்கிய அன்று வீட்டை இழந்திருந்தார்கள், நிலத்தை இழந்திருந்தார்கள், உறவினரையும் இழந்திருந்தார்கள். கைத்தொழிலை இழந்திருக்கவில்லை. அயலார் என்னும் பொருளிலும் அவர்கள் ஏதிலார் அல்லர்; ஏதும் இல்லாதவர் என்னும் பொருளிலும் ஏதிலியர் அல்லர். கரையேறிய பின்னரே, நம் சட்டமும் நம் வாளாவிருப்பும் சேர்ந்து அவர்களை ஏதும் இல்லாதவர்கள் ஆக்கின. இன்னொன்று. 'முகாம்' என்பது அயற்சொல் என்பதை அறிவேன். அறிந்தே ஆள்கின்றேன். அவ்விடத்திற்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல்லைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இராமேசுவரத்திற்குச் செல்லும் வழியில் உள்ள அவ்வூரின் முகாம், 1983-இல் புதிதாகக் கட்டப்பட்டதன்று. வெள்ளையர் காலத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்களை நோய்த்தடுப்புக்காக அடைத்துவைத்து, ஆய்ந்து, கப்பலேற்றிய இடம் அது. இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சென்றவர்கள் அவ்வழியே சென்றார்கள். அன்று வெள்ளைத் தோட்டக்காரனுக்கு நம் உழைப்பு வேண்டியிருந்தது. மண்டபம் வாயில் திறந்து அனுப்பிற்று. 1948-இல் இலங்கை அரசு குடியுரிமைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, மலையகத்தை மலையகமாக்கிய அம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964-இல் சாத்திரியும் சிறிமாவும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டுக்கொண்டார்கள்; மீதியிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாக அறுத்துக்கொண்டார்கள். கேட்பாரின்றி மாடுகளைப் பிரிப்பது போல் மாந்தரைப் பிரித்தார்கள். பின்னர் 1983 சூலையில் கொழும்பும் மலையகமும் எரிந்தன. தப்பியவர்கள் கடலைக் கடந்து அதே மண்டபத்திற்கு வந்தார்கள். பாட்டன் வேலைக்குப் போகக் காத்திருந்த கொட்டகையில், பேரன் வேலையின்றிக் காத்திருந்தான்.

அவ்வுடன்பாட்டின் வழியே முறையாகக் கப்பலில் வந்தவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோயிற்று. அதன்பின், உயிர் தப்ப மீன்படகில் வந்தவனுக்குச் சட்டத்தில் என்ன பெயர் தெரியுமா? சட்டப்புறம்பாகக் குடியேறியவன்! ஒரே தோட்டத்தில், ஒரே வரிசை வீட்டில் பிறந்த உடன்பிறப்புகளுள் அண்ணன் கப்பலில் வந்ததால் குடிமகன். தம்பி படகில் வந்ததால் குற்றவாளி. ஊர்தி மாறியதால் உரிமை மாறிய வேடிக்கையை வேறெந்த நாட்டில் காண்போம்?

இனி முகாம் வாழ்வின் கணக்கைப் பார்ப்போம். 2021-இல் தமிழ்நாட்டரசு சொன்ன கணக்கின்படி, நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், முகாமுக்கு வெளியே காவல்துறையில் பதிந்துகொண்டு ஏறத்தாழ 34,000 பேரும் வாழ்ந்தனர். அவ்வாண்டில் அரசு ஏறத்தாழ 317 கோடி உருபாவில் நலத்திட்டங்களை அறிவித்தது. இடிந்த குடிசைகளுக்கு மாற்றாக 7,000-க்கு மேற்பட்ட வீடுகள் கட்டவும் முனைந்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை நீக்கி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றது. பாராட்டத்தக்கதைப் பாராட்டுகின்றோம். பத்தடிக்குப் பத்தடி அறையில், தார்த்தாள் கூரையின்கீழ், மூன்று தலைமுறை ஒருசேரப் படுத்துக் கிடந்த இழிநிலையை அரசு காலங்கடந்தேனும் கண்டது. உதவித்தொகையும் உயர்ந்தது. குடும்பத் தலைவருக்குத் திங்களுக்கு 1,500 உருபா, பிற பெரியவர்க்கு 1,000, சிறுவர்க்கு 500.

கணவன், மனைவி, இரு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது 3,500 உருபா ஆகும். நாளொன்றுக்கு நூற்றுப் பதினேழு உருபா. தலைக்கு முப்பது உருபாவுக்கும் கீழ். அரிசி தனியே கிடைக்கின்றது என்பார்கள். கிடைக்கட்டும். பிள்ளையின் காலணியும், தாயின் மருந்தும், பேருந்துக் கட்டணமும், மகளின் திருமணமும் அரிசியில் வருமா? வாரா. ஆகவே வேலைக்குப் போகின்றார்கள். போகலாமா என்று கேட்டால் போகலாம் என்று எழுதிய தாள் ஒன்றும் இல்லை. போகக்கூடாதா என்று கேட்டால் அவ்வாறும் எவரும் தடுப்பதில்லை. இந்த இருட்டில்தான் சூழ்ச்சி முழுவதும் இருக்கின்றது. கண்டும் காணாதிருப்பதற்குப் பெயர் உரிமையன்று. இன்று காணாதிருப்பவன் நாளை காண்பான். மாற்றலாகி வரும் புதிய அலுவலன் காண்பான்.

முகாம் ஆடவர் பெரும்பாலோர் சுவருக்கு வண்ணம் பூசும் வேலைக்கே செல்கின்றனர். மன்னார் மீனவனும் வண்ணம் பூசுகின்றான். கிளிநொச்சி உழவனும் வண்ணம் பூசுகின்றான். கல்லூரியில் பட்டம் பெற்ற அவர்தம் பிள்ளையும் வண்ணம் பூசுகின்றான். இது எங்ஙனம் ஓர் இனத்தின் தொழிலாயிற்று? ஈழத்தில் வண்ணம் பூசும் குடியொன்று இருந்து இங்குப் பெயர்ந்ததா? இல்லை. அவ்வேலைக்கு உரிமம் வேண்டியதில்லை. கடை வேண்டியதில்லை, முன்பணம் வேண்டியதில்லை. பிறப்பிடச் சான்றை எவனும் கேட்பதில்லை. விடியலில் மேத்திரி வந்து அழைத்துச் செல்வான். மாலையில் கூலி கைக்கு வரும். இருட்டுமுன் முகாமுக்குத் திரும்பிவிடலாம். திரும்பியாக வேண்டும்! ஏனெனில் கணக்கெடுப்பு உண்டு. 'செக்கிங்கு' என்று முகாம்வாழ்நர் வழங்கும் அந்நாளில் குடும்பத்தோடு வந்து தலைகாட்டத் தவறினால் உதவித்தொகை நிற்கும். பதிவிலிருந்தே பெயர் போகவும் கூடும். வெளியூரில் பத்து நாள் தங்கிச் செய்யும் நல்ல வேலை வந்தாலும், அவன் அந்நாளை எண்ணி அஞ்சி விட்டுவிடுகின்றான். சட்டம் திறந்துவைத்த ஒரே சிறு துளை வழியே ஓர் இனமே ஊர்ந்து சென்றால், எல்லார் கையிலும் ஒரே தூரிகை இருப்பதில் வியப்பென்ன?

வண்ணம் பூசுவது இழிதொழில் என்று யான் சொல்வதாக எவரும் கொள்ளற்க. எத்தொழிலும் இழிவன்று; வேறொன்றைச் செய்ய ஒட்டாமல் ஒன்றில் அடைப்பதே இழிவு. பிறப்பினால் தொழிலை வகுத்த கொடுமையை ஈராயிரம் ஆண்டாகக் கண்டு காறித் துப்பிய நாம், இப்பொழுது ஓர் அடையாள அட்டையினால் தொழிலை வகுக்கும் கொடுமையை நம் வீட்டு முற்றத்திலேயே நடத்துகின்றோம்.

மீனவன் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மண்டபத்தில் குந்தியிருக்கின்றான். எதிரே கடல், அவன் பிறந்த கரைக்கும் அவனுக்கும் இடையே அக்கடல்தான். தன் பெயரில் ஒரு படகைப் பதிந்துகொள்ள அவனால் இயலாது. இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். உழவனுக்கோ, அயற்செலாவணி விதிகள் குறுக்கே நிற்கின்றன. இலங்கைக் குடிமக்கள் ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகையன்றி, இந்தியச் சேம வங்கியின் இசைவில்லாமல் இங்கு நிலம் பெறலாகாது. சட்டம் படித்து முடித்தவன் 1961-ஆம் ஆண்டின் வழக்குரைஞர் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கின்றான். பதிவுக்குக் குடியுரிமை வேண்டும் என்று கண்டு மூடிவைக்கின்றான். அரசு வேலை என்பது சொல்லவே வேண்டியதில்லை. கதவுகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டுள்ளன. ஆனால் 'உங்களை யார் தடுத்தார்கள்?' என்று கேட்பதற்கு மட்டும் ஆள் இருக்கின்றார்கள்.

என் வகுப்பிலேயே முகாம் பிள்ளைகள் பலர் பயின்றதுண்டு. அவர்களுள் ஒருவன், யாப்பில் எனக்கே ஐயம் எழுப்பும் அளவுக்குக் கூர்மையுடையவன், வணிகவியல் படித்துக் கணக்கெழுதும் வேலைக்கு ஒரு நிறுவனத்தில் தேர்வாயினான். ஆவணங்களைக் கேட்டார்கள்; கொடுத்தான். முகாம் அட்டையைக் கண்டதும், மேலிடத்தில் கேட்டுச் சொல்கின்றோம் என்றார்கள். மேலிடம் இன்றளவும் சொல்லவில்லை. அந்நிறுவனத்தை மட்டும் குறை கூறுவதற்கில்லை. இவனை வேலைக்கு வைத்தால் குற்றமா இல்லையா என்று அவர்கள் ஐயுற்றார்கள். ஐயந்தீர்க்க ஒரு தாளும் இல்லை. அவன் இப்பொழுது செய்யும் வேலையை முன்பே சொல்லிவிட்டேன். கல்வியைக் கொடுத்தோம் என்று ஆள்வோர் மார்தட்டும்போது எனக்கு அவன் நினைவு வருகின்றது. படிக்க வைத்துவிட்டு வேலை செய்ய விடாதது, விதையைக் கொடுத்துவிட்டு நிலத்தை மறைத்துக்கொள்வது போன்றதன்றோ?

சட்டம் என்ன சொல்கின்றது? 1951-இல் செனீவாவில் ஏதிலியர் உடன்படிக்கை இயற்றப்பட்டது. அதன் 17-ஆம் கூறு கூலிவேலைக்கும், 18-ஆம் கூறு சொந்தத் தொழிலுக்கும், 19-ஆம் கூறு கற்றறிந்தோர் தொழில்களுக்கும் வழி கூறுகின்றன. உள்நாட்டுத் தொழிலாளரைக் காக்க அயலார்மேல் தளைகள் இடப்பட்டிருப்பினும், மூன்றாண்டுகள் தங்கிவிட்ட ஏதிலியர்மேல் அவற்றைச் சுமத்தலாகாது என்றும் அங்கே எழுதியுள்ளார்கள். மூன்றாண்டு! நம் முகாம்களில் நாற்பதாண்டு கடந்தவர் உள்ளனர். இந்தியா அவ்வுடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1967-ஆம் ஆண்டு நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. ஏதிலியர்க்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. வெள்ளையன் விட்டுச்சென்ற 1946-ஆம் ஆண்டின் அயலார் சட்டத்தைக் கொண்டே, உலா வந்தவனையும் உயிர் தப்பி வந்தவனையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தார்கள். 2025-இல் அதற்கு மாற்றாகப் புதிய குடிவரவு, அயலார் சட்டம் வந்தது. அதையொட்டி வந்த ஆணையில், 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, நுழைவிசைவு இல்லாமைக்கான ஒறுப்பிலிருந்து விலக்களித்தார்கள். சிலர் இதனைப் பெரும் வெற்றியென இனிப்பு வழங்கிக் கொண்டாடினார்கள். சிறையிலிட மாட்டோம் என்பது வாழவிடுவோம் என்றாகிவிடுமா? அவ்வாணையில் தொழில் செய்யும் உரிமை எங்கே? உரிமம் எங்கே? குடியுரிமைக்கு வழி எங்கே?

2019-இல் திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் பாக்கித்தானம், வங்காளதேயம், ஆபுகானித்தானம் மூன்றையும் சேர்த்தார்கள். நம் கரையிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவே தள்ளியிருக்கும் இலங்கை, தில்லியின் கண்ணுக்குத் தென்படவில்லை. அதே 2019-இல் மதுரை உயர் முறைமன்றக் கிளை, இந்திய வழியினரான முகாம்வாழ்நரைச் சட்டப்புறம்பாளர் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிடலாகாது, அவர்தம் குடியுரிமை வேண்டுகோளை நடுவணரசு ஆய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்றது. முறைமன்றம் ஒன்று சொன்ன நல்ல சொல்லுக்குக் கொட்டை எழுத்து கிடைக்கவில்லை என்பதையும் இங்கே குறித்து வைப்போம்.

1987 சூலை முதல் நாளுக்குப் பின் இந்திய மண்ணில் பிறந்தவனுக்கு, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை இல்லை. ஆகவே 1990-இல் முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் பயின்று, இலங்கையை ஒரு நாளும் கண்ணால் காணாதவன் இலங்கையன்! அவன் பிள்ளையும் அவ்வாறே.

அரசியல் சட்டத்தின் 19-ஆம் கூறு தொழிலுரிமையைக் குடிமகனுக்கே தருகின்றது என்று சட்ட வல்லார் நமக்குச் சொல்லிக் கொடுக்கின்றார்கள். அறிவோம். 21-ஆம் கூறு குடிமகனை மட்டும் சொல்லாமல் 'ஆள்' எவர்க்கும் உயிருரிமை தருகின்றது என்பதையும் அறிவோம். 1985-இல் பம்பாய் நடைபாதை வாழ்நர் வழக்கில் அதே உச்ச முறைமன்றம், பிழைப்புவழி இன்றி உயிருரிமை இல்லை என்றது. 1996-இல் அருணாசலப் பகுதிச் சக்மா மக்கள் வழக்கில், அவ்வுயிருரிமை குடிமக்கள் அல்லாதார்க்கும் உண்டு என்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். உயிர் எவர்க்கும் உரியது. பிழைப்புவழி உயிரின் பகுதி. அங்ஙனமாயின் பிழைப்புவழி எவர்க்கு உரியது? எட்டாம் வகுப்பு மாணவன் விடை சொல்வான்.

பணமில்லை, இடமில்லை என்பார்க்கு நம் நாட்டு வரலாற்றிலிருந்தே எடுத்துக்காட்டுகள் தருவோம். 1962-இல் பருமாவில் படைத்தலைவன் நெவின் ஆட்சியைப் பிடித்துக் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது, செட்டிநாட்டாரும் எளிய தமிழரும் வெறுங்கையராய்க் கப்பலேறினர். அவர்களுக்கு நாம் என்ன செய்தோம்? 1969-இல் சென்னையில், பாரிமுனையை அடுத்த நடைபாதையில் கடை வைக்க இடம் கொடுத்தோம். அதே ஆண்டில் தாயகம் திரும்பியோர்க்கெனக் கூட்டுறவு வங்கி ஒன்றும் எழுந்தது. பருமாக் கடைத்தெரு எழுந்த கதையை யான் சொல்ல வேண்டுமா? நடைபாதையில் பலகை விரித்தவர்கள் சென்னையின் வணிகத்திலேயே ஒரு தெருவைப் படைத்தார்கள். நீலமலையில் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் இலங்கையிலிருந்து திரும்பிய மலையக மக்களுக்கெனவே அரசு தேயிலை பயிரிட்டது; 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கூலி குறைவு, குடியிருப்பு மோசம் என்ற குறைகள் அங்கு நிறையவே உண்டு. ஆயினும் அவன் தொழிலாளி எனப்பட்டான். சங்கம் வைத்துக் கூலி கேட்டான். முகாம்வாழ்நன் யாரிடம் கூலி கேட்பான்?

அவர்கள் குடிமக்கள், ஆதலின் கொடுத்தோம் என்பீராயின், திபெத்தியரைப் பாருங்கள். 1959-இல் தலாய் லாமாவைத் தொடர்ந்து வந்த அம்மக்களுக்கு 1960-இலேயே மைசூர் அரசு பைலகுப்பையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. காட்டைத் திருத்திச் சோளம் விளைத்தார்கள், கம்பளம் நெய்தார்கள், குளிர்காலத்தில் ஊர்தோறும் கம்பளிச் சட்டை விற்றார்கள். 2014-இல் நடுவணரசு திபெத்தியர் மறுவாழ்வுக் கொள்கை என ஒன்றை எழுதியே கொடுத்தது. அம்மக்களுக்குக் கொடுத்ததில் நமக்கு எள்ளளவும் பொறாமை இல்லை. தாயகம் இழந்தவன் துயரைத் தமிழன் அறியாமல் வேறு யார் அறிவார்? நாம் கேட்பது ஒன்றே. உடன்படிக்கையில் கையெழுத்திடாமலே, குடியுரிமை கொடாமலே, ஒரு மக்களுக்கு நிலமும் தொழிலும் கொடுக்க இந்திய அரசுக்குத் தெரிந்திருக்கின்றது. அங்குத் தெரிந்தது இங்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

கடல் கடந்தும் பார்ப்போம். 1983-க்குப் பின் படகேறி மண்டபம் வந்தவனும், வானூர்தி ஏறிக் கனடா, நோர்வே, சுவிட்சர்லாந்து சென்றவனும் ஒரே ஊரினர்; பல குடும்பங்களில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அங்குப் போனவனும் முதலில் உணவுவிடுதியில் தட்டுக் கழுவினான். பனியில் செய்தித்தாள் போட்டான். ஆனால் அவன் கையில் வேலை செய்ய இசைவளிக்கும் தாள் ஒன்று வந்தது. அந்தத் தாளின் வேலையைப் பாருங்கள். 1983-இல் சிறுவனாகக் கனடா சேர்ந்த கரி ஆனந்தசங்கரி 2023-இல் அந்நாட்டு நடுவணமைச்சரவையில் இடம்பெற்றார். மூன்று அகவைக் குழந்தையாக நோர்வே சேர்ந்த கம்சாயினி குணரத்தினம் 2015-இல் ஒசுலோ நகரத் துணைமேயரானார்; 2021-இல் நாடாளுமன்றம் புகுந்தார். இவர்கள் மண்டபத்தில் இறங்கியிருந்தால் இன்று எவ்விடத்தில் நின்றிருப்பார்கள்? கணக்கெடுப்பு வரிசையில் நின்றிருப்பார்கள். ஆங்கிலமும் நோர்வேயமும் பேசும் நாடுகள் தமிழனை ஆளாக்கின. தமிழ் பேசும் நாடு அவனைக் கையேந்த வைத்தது. இதை எழுதும்போது என் கை நாணுகின்றது.

செல்வநாடுகளின் கதை நமக்கு ஒவ்வாது என்பாரும் உளர். உகாண்டா செல்வநாடா? 1972-இல் இடி அமீன் ஆசிய மக்களைத் துரத்திய அதே உகாண்டா, 2006-இல் ஏதிலியர் சட்டம் இயற்றி, வந்தவர்க்கு வேலை செய்யவும் விரும்பிய இடம் செல்லவும் உரிமை தந்தது. குடியிருப்புகளில் பயிரிடச் சிறுநிலமும் ஒதுக்கிற்று. பதினைந்து இலக்கத்திற்கு மேற்பட்டோர் அங்கு அடைக்கலம் புகுந்துள்ளனர். நிலம் சிறுத்துவிட்டது, வெளிநாட்டுதவி குறைந்துவிட்டது என்கின்றார்கள், உரிமையை எடுத்துவிடவில்லை. 2022 மார்ச்சில் உக்ரைன் மக்கள் வந்தபோது ஐரோப்பிய ஒன்றியம் சில நாள்களிலேயே அவர்களுக்கு வேலையுரிமை அளித்தது. மனமிருந்தால் நாள்கள் போதும். மனமில்லையெனின் நாற்பதாண்டும் போதாது.

எதிருரைகளுக்கு வருவோம். முதலாவது, இவர்களுக்கு வேலையுரிமை கொடுத்தால் நம் தொழிலாளியின் கூலி குறையும் என்பது. இதனைச் சொல்பவன் பெரும்பாலும் தொழிலாளி அல்லன் என்பதைக் கவனித்திருக்கின்றேன். நல்லது, ஆய்வோம். கூலியைக் குறைப்பது யார்? தாளில்லாத தொழிலாளியைத் தேடிப் பிடிக்கும் ஒப்பந்தக்காரனே. ஊரான் எண்ணூறு கேட்குமிடத்தில் முகாம்வாழ்நனுக்கு அறுநூறு என்பான். இவன் முரண்டினால், 'காவல்நிலையத்தில் சொல்லட்டுமா?' என்பான். கூலியே கொடாமல் ஏய்த்தாலும் வழக்குத் தொடுக்க அஞ்சுவான் என்பது அவனுக்குத் தெரியும். அஞ்சுகின்ற ஒருவன் பக்கத்தில் நின்றால், அஞ்சாதவனின் கூலியும் இறங்கும். ஆகலின் ஏதிலிக்கு உரிமை தருவது உள்ளூர்த் தொழிலாளியின் கூலிக்கும் காவலாம். இதனைத் தொழிற்சங்கத்தார் என்றோ உணர்ந்து பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அவர்களுக்கு முகாமில் வாக்கில்லை, நமக்கென்ன என்றிருந்துவிட்டார்கள்.

இரண்டாவது, காவற்கரணியம். 1991 மே 21 திருப்பெரும்பூதூர் நிகழ்ச்சியைக் காட்டி வாயை அடைப்பார்கள். அக்குற்றத்திற்கு வழக்கு நடந்தது, ஒறுப்பும் நடந்தது. அதன்பின் முகாம்கள்மேல் விழுந்த கெடுபிடிக்கு எவ்வழக்கு நடந்தது? அன்று பிறந்தே இராத பிள்ளையும் இன்று அதற்காக வரிசையில் நிற்கின்றான். அன்றியும், தொழிலும் கடையும் முகவரியும் உள்ளவனைக் கண்காணிப்பது எளிதா, நாளொரு ஊராகக் கூலிக்கு அலைபவனைக் கண்காணிப்பது எளிதா? காவல்துறையாரே சொல்லட்டும்.

மூன்றாவது எதிருரை நம்மவரிடமிருந்தே வருவது; ஆகவே இதற்குக் கூடுதல் இடம் தருகின்றேன். ஈழத்தமிழன் இங்கு வேரூன்றிவிட்டால் தாயகத்தை மறப்பான். அவனுடைய நிலம் பகைவனுக்குப் போகும். அவன் அங்குத் திரும்ப வேண்டியவன். ஆகவே இங்கு நிலைபெறச் செய்யலாகாது என்பது. இனப்பற்றினால் எழுந்த கவலை இது, இகழமாட்டேன். ஆயினும் இது தவறு. வெறுங்கையோடு எவன் திரும்புவான்? அங்கே வீடு இடிந்து கிடக்கின்றது, காணி காடாகியுள்ளது, சில இடங்களில் படையினர் கையில் உள்ளது. கிணறு தூர்க்க, கூரை போட, ஒரு சோடி மாடு வாங்க, காணிக்கு வழக்காடப் பணம் வேண்டாவா? சேர்த்து வைத்தவன் திரும்புவான். தொழில் கற்றவன் திரும்பிச் சென்று தொழில் நடத்துவான். நாற்பதாண்டு உதவித்தொகையில் கிடந்தவனுக்குத் திரும்பிச் செல்லும் நெஞ்சுரமே மடிந்துபோகும். இத்துன்பத்தை நன்குணர்ந்துதான் 1984-இல் செல்வநாயகனாரின் மகன் சந்திரகாசனார் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். ஏதிலியரே ஏதிலியரைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் உழைத்தார்கள். திரும்புவதா இருப்பதா என்பதை அவனே முடிவு செய்யட்டும். இருப்பவனுக்குக் குடியுரிமையும் திரும்புபவனுக்குக் கைமுதலும் வேண்டும். இரண்டுக்கும் முன்னே வேலையுரிமை வேண்டும்.

வள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதனோடு நிற்கவில்லை, அடுத்தே 'இரவச்சம்' என்று ஒன்று வைத்தார். கையேந்துவதன் கொடுமையை அவரினும் அறிந்தவர் இலர். குறளுக்குச் சிலை வைத்தோம், கோட்டம் கட்டினோம், பேருந்துதோறும் எழுதினோம். கணியன் பூங்குன்றனார் பெயரை உலக மன்றங்களில் சொல்லிச் சொல்லி வாய் மணக்கின்றோம். நம் கேளிரையே கேளிர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க முடியாத நாம் உலகத்தாரைக் கேளிர் என்பது எவ்வளவு எளிது!

தில்லியை மட்டும் குற்றம் சொல்லி ஒதுங்கும் பழக்கம் தமிழ்நாட்டரசுக்கு உண்டு. எக்கட்சி ஆண்டாலும் உண்டு. குடியுரிமை தில்லியின் கையில், ஒப்புகின்றோம். கணக்கெடுப்பு நாளை மாற்றுவது யார் கையில்? வெளியூர் வேலைக்குச் செல்பவனின் பதிவை நீக்கலாகாது என்று வருவாய்த்துறைக்கு ஆணையிடுவது யார் கையில்? இவரை வேலைக்கு வைத்தல் குற்றமன்று என்று தொழில்துறைச் செயலர் ஒரு சுற்றறிக்கை விட்டால் நிறுவனங்களின் ஐயம் தீருமே. அதற்குத் தில்லியைக் கேட்க வேண்டுமா? பருமாக் கடைத்தெருவுக்கு இடம் கொடுத்தது போல் ஒவ்வொரு முகாமின் அருகிலும் பத்துக் கடைக்கு இடம் ஒதுக்க எத்தனை கோடி வேண்டும்? கூட்டுறவுக் கடன், தையற்கூடம், அச்சகம், மட்பாண்டச் சூளை ஆகியவற்றுள் எதற்குத் தில்லியின் கையெழுத்து வேண்டும்? வீடு கட்டிக் கொடுத்த அரசு, அவ்வீட்டில் இருப்பவன் அடுப்பைத் தானே மூட்டிக்கொள்ளவும் வழி விட வேண்டும். தில்லியிடம் கேட்க வேண்டியது, திபெத்தியர்க்கு 2014-இல் எழுதிக் கொடுத்தது போன்ற ஒரு கொள்கை ஆவணம். அதில் வேலை, தொழில், உரிமம், குத்தகை நான்கும் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். சட்டமன்றத்தில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புக என்று தத்தம் தொகுதி உறுப்பினர்க்கு ஒவ்வோர் அன்பரும் ஓர் அஞ்சலட்டை எழுதலாம். அஞ்சலட்டையின் விலை ஐம்பது காசுதான்.

தமிழன்பர்களே! உங்களுள் கடை வைத்திருப்போர், அச்சகம் நடத்துவோர், கட்டட வேலை எடுப்போர், பள்ளி நடத்துவோர் பலர் உள்ளீர்கள். உங்கள் ஊருக்கு அண்மையில் ஒரு முகாம் இருக்கும். போய்ப் பாருங்கள். யார் என்ன தொழில் அறிவார் என்று கேளுங்கள். சுவருக்கு வண்ணம் பூச ஆள் வேண்டும் என்று மட்டும் கேட்டுச் செல்லாதீர்கள். வேலைக்கு எடுத்தால் ஊரார்க்குக் கொடுக்கும் கூலியையே கொடுங்கள். வருகைப் பதிவில் பெயரை எழுதுங்கள். கூலி கொடுத்ததற்குச் சீட்டும் கொடுங்கள். நாளை உரிமை வரும்போது, இத்தனை ஆண்டு இன்ன வேலை செய்தான் என்பதற்கு அவன் கையில் அந்தச் சீட்டாவது இருக்கட்டும்.